வராதவரின் கை

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடவிடாமல் அவருடைய கை குறுக்கே கிடந்தது. அதை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்க, முடிஞ்சிடுச்சு" என்றாள் மனைவி. தினம் சாயங்காலம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. வாயைவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது, இனி அவருக்கு எங்கேயும் ஓட அவசரமில்லை என்று.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். வாசலில் செருப்புகள் சேர்ந்துகொண்டே இருந்தன. பாதிக்கு மேல் மனமகிழ் மன்றத்துச் செருப்புகள்.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு சீட்டு மேஜை, ஒரு கேரம் பலகை, டீ போட ஒரு மூலை. ஆனால் அதைத் தொடங்கிய புண்ணியவான், மன்றத்துக்கு ஒரு போதகர் இருக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பிரார்த்தனை, உறுப்பினர் யாராவது படுத்துவிட்டால் போய்ப் பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பதவியை, தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஏற்றுக்கொண்டார். மேலேயிருந்து வந்த உத்தரவு போல.

அவர் செய்த விதமே தனி. எந்த மேஜையில் ஆள் வரவில்லையோ அந்த நாற்காலியில் போய் உட்காருவார். "இது நம்ம கண்டக்டரோட கை. அவருக்காக ஆடறேன்" என்பார். ஆட்டம் முடிந்ததும் நேராக அந்த ஆளின் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு உங்க கை ஜெயிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு வருவார். அவர் ஆடி எந்தக் கையும் ஜெயித்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் காய்ச்சலில் கிடக்கிறவன் எழுந்து உட்கார்ந்து, "கடைசியா எந்தச் சீட்டு இறக்கினீங்க?" என்று கேட்பான்.

வீடு திரும்பும்போது சோறு ஆறிப்போயிருக்கும்.

"ஊர்ல எல்லாருக்கும் நீங்க கை ஆடுறீங்க. நான் இங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் ஒருநாள்.

"எல்லாரையும் பாத்துட்டுக் கடைசியா உன்கிட்டதானே வர்றேன்?"

"ஆமா. மிச்சம் மீதிதானே வருது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் அவள் ஓய்வுக்காலத்தை எண்ணிக் காத்திருந்தவள். சாயங்கால வெயில் சமையலறை ஜன்னலில் இறங்கும்போது, எதிரே அவர் உட்கார்ந்து சும்மா எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய ஆசையா இது?

இரண்டு வாரத்துக்கு முன் மன்றத்துச் செயலாளர் ஏதோ வேலையாக வந்தபோது அவர் வீட்டில் இல்லை. அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "சீட்டாடுற இடத்துல சாமிக்கு என்ன வேலைங்க? அந்தப் பதவியை எடுத்துடுங்களேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க." அடுத்த வாரமே மன்றத்துப் பலகையில் அறிவிப்பு வந்துவிட்டது: மன்றத்துக்குப் போதகர் தேவையா? ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுக்கப்படும்.

"என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம்" என்று அவர்தான் வந்து சொன்னார். அவள் தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

இப்போது அந்தச் செயலாளர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். கையில் அவள் கணவருடைய துணிப்பை. "நேத்து மன்றத்துல விட்டுட்டுப் போயிட்டார் அண்ணி."

அவள் பையை வாங்கவில்லை. "அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை அண்ணி, சத்தியமா." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நேத்து அவரே என்னைத் தனியா கூப்பிட்டாரு. 'தீர்மானத்துக்கு முதல் கை நான்தான் தூக்குவேன். எங்க வீட்டுல ரொம்ப நாளா ஒரு கை குறையுது, நான் போய் ஆடணும்'னாரு."

அவள் பையை வாங்கித் திறந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூடு. அதன் அடியில், இன்னும் உறை பிரிக்காத புதுச் சீட்டுக்கட்டு. அவளுக்குச் சீட்டாடத் தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை.

சீட்டுக்கட்டை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, போய் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

வண்டி வந்தது. தூக்குமுன் ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்றார் யாரோ. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொல்கிறவர் படுத்திருந்தார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. கண்டக்டர். பிரார்த்தனை நேரத்தில் கண்ணை மூடாமல் சீட்டுக் கலைத்துக்கொண்டிருப்பவர், தோற்றால் மேஜையைத் தட்டிவிட்டுப் போகிறவர், மன்றத்தில் முசுடு என்று பெயரெடுத்தவர்.

"ஆண்டவா, இன்னைக்கு வந்தவங்களையும் பாத்துக்கோ. வராதவங்களைக் கொஞ்சம் கூடவே பாத்துக்கோ."

மன்றத்து ஆட்கள் எல்லோரும் கூடவே முணுமுணுத்தார்கள், ஒரு சொல் பிசகவில்லை. தன் கணவர் மன்றத்தில் தினமும் சொன்னது அதுதான் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை, சாவுக்கு வந்திருந்த மகளும் மருமகனும் புறப்பட்டுப் போனார்கள். சாயங்காலம் சமையலறை ஜன்னலில் வெயில் இறங்கியது. அவள் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே அவருடைய நாற்காலி. சீட்டுக்கட்டு உறை பிரியாமல் நடுவில் இருந்தது.

வெளிக்கதவு சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அந்தக் கதவு வெளியே போகத்தான் திறக்கும். உள்ளே வரத் திறந்ததில்லை.

கண்டக்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. நேத்து கூட்டம் நடந்துச்சா?"

"நடந்துச்சும்மா. பதவி வேண்டாம்னு முடிவு."

அவள் தலையாட்டினாள்.

"ஒருத்தர் தலையில எல்லாத்தையும் கட்டினது தப்புன்னு பேசினோம். இனிமே ஆளுக்கு ஒரு நாள்." அவர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு என் முறை."

எதிரே இருந்த காலி நாற்காலியில் உட்காராமல், மூலையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உறையைப் பிரித்தார். கலைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"அவருக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்புத்தான். கண்டக்டர் சீட்டைப் போட ஆரம்பித்தார். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பிறகு கொஞ்சமும் யோசிக்காமல் காலி நாற்காலிக்கு முன்னால் ஒன்று. மூன்று இடத்திலும் சீட்டு ஏறிக்கொண்டே போனது.

போட்டு முடித்ததும் அவர் தன் சீட்டை எடுத்து விரித்தார். அவள் தன் முன்னால் இருந்ததைத் தொடவில்லை. மேஜையின் குறுக்கே எட்டி, நாற்காலிக்கு முன்னால் கிடந்ததை எடுத்து, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.