நாலு வரை எண்ணியவன்

பாட்டுக்கு முன்னால் கேட்கிற எதையும் நான் விட்டுவைப்பதில்லை. நாற்காலி கிறீச்சிடுவது, தொண்டையைச் செருமுவது, கிதார்காரன் காரணமில்லாமல் சிரிப்பது, டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தட்டி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணித் தொடங்கி வைப்பது, எல்லாம் போய்விடும். ஆல்பத்தை முடித்துக் கொடுக்கிற அன்றே வெட்டிய துண்டுகளையும் அடியோடு அழித்துவிடுவேன். மிக்ஸிங் செய்கிறவர்களில் பாதிப் பேர் குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று மூக்கால் அழுவார்கள். இருபது வருஷத்தில் நான் அழுததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. இந்தப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கத்திரி அக்கா.

பிள்ளைகள் என்றால் 'ஈரத் துண்டு' இசைக்குழு. நாலு பேர், முதல் ஆல்பம், ஒன்பது பாட்டு. மாடி வீட்டு வாடகை, பஸ்ஸைத் தவறவிட்ட காதல், தூங்காத ஞாயிற்றுக்கிழமை என்று அவர்கள் உலகம் அவர்களுக்கு. முதல் நாள் கேட்டு உதட்டைப் பிதுக்கினேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது என் வாயில் அதுதான் ஓடியது. அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

டிரம்ஸ்காரனுக்குத் திக்குவாய். ஒரு டீ வேண்டும் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகும். ஆனால் குச்சியைத் தட்டி எண்ணும்போது மட்டும் திக்காது. தாளம் பிடித்துக்கொண்டால் நாக்கு வழிவிட்டுவிடும் போல. ஒன்பது பாட்டுக்கும் அவன்தான் எண்ணினான், ஒன்றில்கூடத் தடுக்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

ஆல்பம் முடிந்த பதினோராம் நாள் அவன் பைக்கில் லாரி மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டான். இருபத்தாறு வயது.

வெளியீட்டுக்கு முன்பு அவன் அம்மா ஆல்பத்தை ஸ்டுடியோவிலேயே கேட்கட்டும் என்று குழுவின் பாடகி சொன்னாள். சரி என்றேன். அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் மறுபடி அவளிடமிருந்து போன். அவன் திக்காமல் எண்ணுகிற விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அவருக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. சனி, ஞாயிறும் ஷிஃப்ட் என்பதால் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. பெற்ற மகன் திக்காமல் பேசி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஸ்டுடியோவில் இருக்கிறது, போட்டுக் காட்டுகிறோம் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"இருக்குல்ல, அக்கா?"

இருக்கிறது என்றேன். இல்லை என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? எனக்கு வாய் வரவில்லை.

போனை வைத்துவிட்டுத் தேடினேன். பாடகியின் மைக்கில், கிதார் மைக்கில், எதிலாவது அவன் குரல் கசிந்திருக்காதா என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் கச்சிதமாகப் பாட்டின் முதல் அடியில் ஆரம்பித்தன. இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததற்காக என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இரண்டு நொடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அவன் எண்ணினான். திரையில் ஒலிக்கோடு அசையாமல் கிடக்கிறது, என் காதில் மூணு, நாலு என்று கேட்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அப்போதும் கேட்டது. பட்டப்பகல், தெருவில் குழாய் போடுகிறவர்கள் ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் கேலி செய்கிறவள் நான். என்னை ஏன்டா படுத்துகிறாய் என்று வாய்விட்டே கேட்டேன்.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பதிவு. முதல் நாள் மைக் செக். ஒலி அளவு குறித்துக்கொள்ள அதை மட்டும் வைத்துக்கொள்வேன். ஏதாவது எண்ணுப்பா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொல்கிறேன். அவன் குச்சியில்லாமல், தாளமில்லாமல், என் முகத்தைப் பார்த்து எண்ணுகிறான். ஒ... ஒ... ஒண்ணு. ரெ... ரெ... நாலு வரை வந்து சேர நாற்பது நொடி.

எப்படியும் நாலு சொல்லும் இருக்கின்றனவே. நடுவில் இருக்கும் திக்கலை எடுத்தால் போதும். எனக்கு அது ஒரு வேலையா? ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். ஐந்தாவது பாட்டிலிருந்து குச்சிச் சத்தத்தை எடுத்து அடியில் சேர்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மழமழவென்று வந்தது. ஒரு தாய்க்காகச் செய்கிறோம், இதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் பகல் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தார்கள். அம்மாவின் கையில் சலவை மருந்து வாசனை. பாடகி அவர் தோளை அணைத்து என் நாற்காலியில் உட்காரவைத்தாள். எண்ணுவதை முதல் பாட்டின் தலையில் ஒட்டி வைத்திருந்தேன். போட்டேன். ஒன்பது பாட்டையும் அம்மா கைகளை மடியில் வைத்தபடி கேட்டார். ஒவ்வொரு இடைவெளியிலும் எனக்கு மட்டும் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும், ஆரம்பத்தில் வருவதை மட்டும் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். பாடகி என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டைத் தொடங்கும்போது அவன் இப்படி அடக்கமாக எண்ணுவதில்லை, கத்துவான்.

"குரல் அவனோடதுதாம்மா" என்றார் அம்மா. "ஆனா இது அவன் இல்ல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டியதை, அழித்ததை, பொய் சொன்னதை, நாற்பது நொடித் திக்கலை வெட்டி ஒட்டுப்போட்டதை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. பாடகிதான் அழ ஆரம்பித்தாள். அம்மா, அந்த நாற்பது நொடியும் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். இந்தத் தடவை உண்மை.

போட்டேன். ஒ... ஒ... ஒண்ணு. ரெ... ரெ... பாடகியின் வாய் தன்னையறியாமல் அந்தச் சொல்லை முடிக்கப் போனது. அம்மா கையைத் தூக்கி அவளைத் தடுத்தார்.

"இரும்மா. பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து நான்தான் அவனுக்கு முடிச்சு வெப்பேன். பிள்ள கஷ்டப்படுறானேன்னு. ஒரு வார்த்தையக்கூட அவன் வாயால முடிக்க விட்டதில்ல."

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். ரெண்டு வந்தது. மூணில் அவன் மாட்டிக்கொண்டான். மூ... என்று நின்றுபோய், மூச்சை இழுத்து, மறுபடி மூ... அரை நொடி வெறுமையைக்கூடப் பொறுக்காத என் விரல் மேஜையில் துடித்தது. அதை மடக்கிக்கொண்டேன். அம்மாவின் உதடு இறுகியிருந்தது, திறக்கவில்லை. மூணு. பிறகு நீளமான ஒரு இழுப்பு, இன்னொன்று, கடைசியில் அவனே, யாருடைய தயவும் இல்லாமல், நாலு என்றான்.

"சரிப்பா" என்றார் அம்மா.