சிலிப்பர் பாலம்

அன்று ஓடையின் இந்தக் கரையில் நின்றவர்கள் நான், என் மனைவி பரிமளம், எங்கள் தேயிலைத் தோட்டத் தலைவர் வீரய்யா. அந்தக் கரையில் என் மகள் ரூபிகா, அவள் கணவன் கிஷாந்த், அவள் தோளில் கைக்குழந்தை. வேறு ஒருவரும் இல்லை. பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் புகையைக் கண்டு பிறகு வந்தவர்கள்.

கிஷாந்த் ஓடைக்கு அப்பாலுள்ள கீழ் லயத்து வரிசை வீட்டுக்காரன். கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்துக்கு உரிய முதல் மரியாதையைத் தடுத்தவர் அவன் தகப்பன். அந்த வீட்டுக்கு ரூபிகா வாழப் போனபோது, லயத்துச் சனம் முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "பாலத்தக் கொளுத்தினாலும் கொளுத்துவேன், நீ அதுல நடந்து வரக்கூடாது."

குழந்தை பிறந்ததும், கொண்டுவந்து காட்டுவதாகத் தாய்க்குச் சொல்லி அனுப்பினாள். நான் மறுக்கவில்லை. மறுக்காதது சம்மதம் என்று பரிமளம் புரிந்துகொண்டாள். அது சரிதான்.

அப்போது பாலத்தின் அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. முந்தின மாதம்தான் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி எங்கள் லயத்து மீனம்மா செத்தாள். ரூபிகா வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் பொழுது சாய, குளவிகள் கூடடைந்த பிறகு, மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றினேன். வீரய்யா சாக்கை இறுக்கிக் கட்டினான்.

"பேரன் வந்தா மேளம் வைப்பாங்கண்ணே. நீங்க பந்தம் புடிக்கிறீங்க."

"பேரனுக்குன்னு எவன் சொன்னது? குளவிக்கு."

"அதத்தான் மககிட்ட ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள் பரிமளம்.

மரக்கிளையில் இருக்கும் கூட்டை எத்தனையோ முறை இப்படி எரித்திருக்கிறேன். பச்சை மரத்தில் தீ ஏறாது. ஆனால் இந்தப் பாலம், ரயில் பாதையிலிருந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகளால் என் தகப்பனார் போட்டது. மேலே மழையில் பாசி பிடித்திருந்தாலும் அடிப்பக்கம் காய்ந்து, ஊறிய தாரோடு இருந்தது. கூடு எரிந்து தண்ணீரில் விழுந்தது. தீ விழவில்லை. வீரய்யாவும் பரிமளமும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். தார் கேட்கவில்லை.

மறுநாள் அஷ்டமி என்று கிஷாந்தின் தாய் சொன்னதால், அவர்கள் அன்றே புறப்பட்டுவிட்டது எங்களுக்குத் தெரியாது. நான் நிமிர்ந்தபோது மகள் எதிர்க்கரையில் நின்றாள். என் கையில் பந்தம் இருந்தது.

"சொன்னத செஞ்சிட்டீங்கப்பா," என்றாள்.

"குளவிடி, ரூபி! குளவிக்கு வச்சது!" என்று பரிமளம் கத்தினாள். மழைக்காலத்து ஓடை இரைச்சல். வீரய்யா என் தோளைத் தொட்டான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. ஒங்க கொரலு எட்டும்."

எட்டியிருக்கும். பக்கத்தில் கிஷாந்த் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் நின்று விளக்கம் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நடுக்கட்டை முறிந்து விழுந்தது.

பிறகு பரிமளம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "அப்பா வாயால சொல்லட்டும்மா, நம்புறேன்," என்றாளாம் ரூபிகா. பரிமளம் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அந்த எண் இப்போது வேலை செய்வதில்லை. பரிமளம் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். தோட்டத்தில் புதுப் பாலம் போடவில்லை. சனங்கள் பெக்டரி ரோட்டால் சுற்றிப் போகிறார்கள்.

என்னைப் பற்றி யாரும் எதுவும் பேசட்டும். ஆனால் ரூபிகா அந்தக் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றி, பெற்றவனைச் சபித்தாள் என்று டயகம போகும் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் மண்ணைத் தொடவில்லை. புகை படாமல் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். திரும்பிப் போனாள்.