வீட்டைச் சுற்றிக் காட்டியவள்

ஜூடித்தின் அக்கா மரியபுஷ்பம் கல்யாணமே செய்துகொள்ளாமல் ரயில்வே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சேர்த்த பணத்தில் சைனிக்புரியையும் தாண்டி, பாறைகளுக்கு நடுவே இரண்டு ஏக்கர் வாங்கி ஓட்டு வீடு கட்டிக்கொண்டாள். கொய்யாவும் சீத்தாவும் வைத்தாள், கிணறு வெட்டினாள். எழுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் தங்கையின் கையைப் பிடித்தபடியே போய்ச்சேர்ந்தாள். வீடு தங்கைக்கு வந்தது.

ஜூடித்துக்கு மௌலா அலிப் பக்கம் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை. குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தைப் பார்க்க முடியவில்லை. விற்றுவிடலாமென்று சாரங்கபாணியிடம் சாவியைக் கொடுத்தாள். அவர் ரிட்டயரான பிறகு வீட்டுத் தரகு பார்ப்பவர். முட்டி வலிக்காரர் என்பதால் பூட்டைத் திறந்துவிட்டு கேட் பக்கமே நின்றுகொள்வார். வாங்க வருகிறவர்கள் தாங்களே சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார். அன்று சாயங்காலமே சாரங்கபாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜூடித் வீட்டுக்கு வந்தார்.

"பார்ட்டிக்கு வீடு புடிச்சுதும்மா. ஆனா உள்ள இருக்கிற அம்மா, கோடையில கிணறு வத்திடும்னு சொல்லிட்டாங்களாம். நக்கோ, வேணாம்னுட்டுப் போய்ட்டாரு. விக்கிற வீட்டுல ஆளை வச்சு எதுக்கு இப்படிப் பேச விடுறீங்க?"

"உள்ள யாருமே இல்லையே."

"அப்ப பின்பக்கமா யாராச்சும் நுழைஞ்சிருப்பாங்க. பாத்துக்கோங்க."

ஆடு மேய்க்க வரும் பொம்பளையாக இருக்கும் என்று ஜூடித் நினைத்துக்கொண்டாள். அடுத்து வந்தவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி வைக்கப்போகிறவர். மரங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். வெட்டிவிட்டு கோடவுன் கட்டுவேன் என்று அவர் சொன்னதும், வாருங்கள் என்று பின்னறைக்குக் கூட்டிப்போய், உத்தரம் முழுக்கக் கரையான் அரித்திருப்பதைக் காட்டினாளாம் என்று சாரங்கபாணி வந்து சொன்னார்.

"எப்படி இருந்தாங்களாம்?" ஜூடித் சும்மாதான் கேட்டாள்.

"வெள்ளைச் சேலை. மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைஞ்சு நூல்ல கட்டியிருந்துச்சாம். பேசும்போதெல்லாம் விரல் நுனியைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்களாம், சாக்பீஸ் தூசி பட்ட மாதிரி."

அந்தக் கண்ணாடியைச் சவப்பெட்டிக்குள் அக்காவின் தலைமாட்டில் வைத்தவள் ஜூடித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனாள். நல்ல வெயில். கதவைத் திறந்து கூடத்தில் நின்று, "அக்கா, நான்தான் வந்திருக்கேன்" என்றாள். ஓட்டின் மேல் புறா நடக்கும் சத்தம்தான் கேட்டது. தரையெல்லாம் தூசி. வந்து போனவர்களின் செருப்புத் தடங்கள் அதில் பதிந்திருந்தன. ஹவில்தாரின் பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. ஜூடித் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பயமெல்லாம் போய் ஆற்றாமைதான் மிஞ்சியது. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பேசுகிறாள். குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவளுக்கு முகம் காட்ட மாட்டேன் என்கிறாளே! வாய்விட்டு அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மூன்றாவதாக வந்தவள் திரிபுரசுந்தரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற விதவை, தனிக்கட்டை. இந்தத் தடவை ஜூடித்தும் கூடவே போனாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து திரிபுரசுந்தரியின் குரல் கேட்டது.

"வணக்கம்மா, வீடு பாக்க வந்தேன்... அப்படியா? ... ஆமா, நானும் தனிதான்... வெட்ட மாட்டேன், மரத்தைப் போய் யாராவது வெட்டுவாங்களா?"

இடையிடையே, எதிராளி பேசி முடிக்கும் அளவுக்கு மௌனம். ஜூடித் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனாள். திரிபுரசுந்தரி வெறும் அடுப்பு மேடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, யாருக்கோ வழிவிடுகிறவள்போல் ஒதுங்கி நின்று, ஜூடித்தைக் கண்டதும் சிரித்தாள்.

"இதோ, உங்க வீட்டுக்காரங்களே வந்துட்டாங்களே" என்றாள் வெற்றிடத்தைப் பார்த்து.

அதற்கு என்ன பதில் வந்ததோ, சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. வெற்றிடத்தைப் பார்த்தாள், ஜூடித்தைப் பார்த்தாள். சட்டென்று வந்து ஜூடித்தின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கொய்யா மரத்தடிக்கு வந்த பிறகும் விடவில்லை. அவள் நாடி பார்க்கிறாள் என்பது ஜூடித்துக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"நல்லாத்தான் அடிக்குது" என்றாள் திரிபுரசுந்தரி, தனக்குத்தானே.

"உள்ள இருந்தது எங்க அக்கா. செத்து ஒரு வருஷமாச்சு. என்ன சொன்னா?"

திரிபுரசுந்தரி தயங்கினாள். "அவங்க வேற மாதிரி சொல்றாங்கம்மா. தங்கச்சி போன மழைக்காலத்துல காமாலையில போயிட்டாளாம். ஆஸ்பத்திரியில இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே. தங்கச்சிக்குன்னு வச்சிருந்த வீடு, இனி யாருக்கு இருந்து என்னன்னு விக்கிறாங்களாம்."

"நான் நிக்கறேனே, அதைச் சொல்லலையா?"

"சொன்னேனே. வாசப்படி வரைக்கும் வந்து பாத்தாங்க. உங்க மூஞ்சிக்கு நேரா. 'அங்க யாரும்மா இருக்கா?'ன்னு என்னையே கேட்டாங்க."

ஜூடித் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"நான் வாங்கிக்கிறேன்" என்றாள் திரிபுரசுந்தரி. "வார்டுல எத்தனையோ பேரை வழியனுப்பினவ நான். எனக்குப் பயம் இல்ல. அவங்களும் சரின்னுட்டாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஜூடித்தைக் கேட்காமலே தாண்டிப் போனான். கூப்பிட வாயெடுத்தாள், குரல் எழும்பவில்லை. அவன் கடைசி சீட்டுவரை போய்த் திரும்பி வந்து "டிக்கெட்" என்று கை நீட்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அன்றிரவு புருஷன் தேவராஜ் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், தேவைக்கு மேல் சத்தமாக "ஆங்" என்றாள்.

பத்திரம் பதிவாகி, திரிபுரசுந்தரி குடியேறிவிட்டாள். ஜூடித் அந்தப் பக்கமே போகவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அக்காவின் குழிமேட்டைச் சுத்தம் செய்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் திரிபுரசுந்தரி ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தாள். தோட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சாயங்காலம் பின்னறை ஜன்னல்ல ஒரு மெழுகுவத்தி எரிஞ்சுதும்மா. நான் ஏத்தலை. யாருக்குன்னு கேட்டேன். 'எங்க ஜூடித்துக்கு'ன்னு சொன்னாங்க."

ஜூடித் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"அழுதாளா?"

"இல்ல. முட்டி போட்டு ஜெபம் சொன்னாங்க, அவ்வளவுதான்."

"அணைஞ்சிருச்சா?"

"நான் கிளம்பி வர்றப்போவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

ஜூடித் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, வந்தவளுக்குக் காப்பி கலக்க உள்ளே போனாள்.