பூசைக்கு மணி அடித்த ஞாயிறு

அக்டோபர் பிறந்துவிட்டால், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேட்டு லயத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு இறங்கியவர்கள் கைகால் கழுவிக்கொண்டு அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் சாயங்காலம் சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த வருஷம் கேத்ரினின் முறை பதினேழாம் தேதி வந்தது.

வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மகள் றொசானா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். போன் வந்து ஏழு மாதம். ஹட்டனில் இருந்த ஏஜென்சிக்கு நடையாய் நடந்தாள். அங்கிருந்தவன் ஒவ்வொரு தடவையும் ஒரு கடுதாசியை நீட்டிக் கையெழுத்து வாங்கினான். கடைசியில், அந்த வீட்டுக்காரர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், விலாசம் தெரியாது என்று கைவிரித்துவிட்டான். ஏதோ பொட்டலம் தொலைந்த மாதிரிச் சொன்னான், பாவி.

"செபம் பண்ணு கேத்ரின், மாதா கைவிடமாட்டா" என்றாள் செபமாலையை முன்நின்று சொல்லும் மார்கிரட். கோயிலில் அதையே சொன்னார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அதையே சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் கேத்ரின் அங்கிருந்து நகர்ந்துவிடுவாள். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மட்டும் வேறு மாதிரி. றொசானாவுக்காக மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தவள் அவள். ஒரு நாள் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே, புள்ள கடைசியா பேசினப்ப என்ன சொல்லிச்சு என்று கேட்டாள். ஏழு மாதத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நல்லாயிருக்கேன்னுதான் சொல்லிச்சு என்று கேத்ரின் பொய் சொன்னாள்.

பதினேழாம் தேதி வீடு நிறைந்துவிட்டது. ஜன்னலோரப் பெட்டியின்மேல் வெள்ளைத் துணி விரித்துச் சுரூபத்தை வைத்தார்கள். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலை அது. அதனால் போனும் அங்கேயே, மாதாவின் காலடியில் கிடந்தது. வாசல்படியில் பேச்சியம்மா நின்றாள். கேத்ரின் எல்லாரோடும் சேர்ந்து மணிகளை உருட்டினாள். வாய் சொன்னது, நெஞ்சு கிட்டவே வரவில்லை. ஏழு மாதமாக அப்படித்தான்.

செபமாலை முடிந்ததும் வீட்டுக்காரர் தன் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகளைத் திரும்பக் கொண்டுவாரும் தாயே என்று கேட்பாள், நாமும் கூடச் சொல்வோம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கேத்ரின் சுரூபத்தைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"கடைசியா ஒரு ஞாயித்துக்கெழம காலைல போன் பண்ணிச்சு. அழுதுச்சு. அம்மா, இங்க இருக்க முடியல, ஒன்னு சொல்லணும்மான்னு சொல்லிச்சு. அப்ப பூசைக்கு மணி அடிச்சிருச்சு. நான் சீல கட்டி வெளிக்கிட்டு நின்னேன். பூசைக்கு நேரமாச்சு, நீ செபம் பண்ணு, மாதா பாத்துக்குவான்னேன். சரிம்மான்னுச்சு. நான்தான் வச்சேன்."

சுரூபத்துக்கு இன்னும் கிட்ட நகர்ந்தாள்.

"அன்னைக்குப் பூசைல மொத வரிசைல நின்னேன் தாயே. என் புள்ள என்ன சொல்ல வந்துச்சுன்னு ஒனக்காவது தெரியுமா?"

அதுவரை சொன்ன அத்தனை மணியிலும் ஒன்றுகூடச் செபமில்லை, இதுதான் செபம் என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் நெஞ்சு லேசாகிவிடவில்லை. அறுத்துப் போட்ட மாதிரி வலித்தது. மார்கிரட் 'அருள் நிறைந்த மரியே' என்று எடுத்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். பேச்சியம்மா உள்ளே வந்து கேத்ரினின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஒருவரும் அவளைச் செபம் பண்ணச் சொல்லவில்லை.

மறுநாள் சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போனது. வெள்ளைத் துணியும் போனும் அப்படியே இருந்தன.

ஞாயிறு காலையில் மணி அடித்தது. மார்கிரட் வெள்ளைச் சீலையோடு வந்து வாசலில் நின்று, பூசைக்கு நேரமாச்சே, வரலையா என்று கேட்டாள். கேத்ரின் திரும்பவில்லை. பெட்டியின் முன்னால் முழங்கால் போட்டு, ஏழு மாதமாக ஒலிக்காத அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லு புள்ள" என்றாள். "அம்மா எங்கயும் போகல."