கேட்காத ஹாரன்

அடித்திருப்பார். காற்றிரைச்சலில் எனக்குத்தான் ஹாரன் கேட்காமல் போயிருக்கும். இல்லை, அன்றைக்குக் காற்றே இல்லையே. அவர் கை ஹாரனின் ரப்பர் பந்தின்மேல் இருந்ததா? கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாகச் சௌந்திரம் அந்த நொடிக்கே திரும்பத் திரும்பப் போய்வந்தாள். புதுச்சத்திரம் திருப்பத்தில், மோட்டாரை ஓட்டிக்கொண்டே அவள் கணவர் தங்கசாமி பின்சீட்டிலிருந்த அவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மட்கார்டு உரசியது. புல்லுக்கட்டோடு போன கூலிக்காரி செல்லியம்மாள் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

செல்லியம்மாள் நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். ஹாரன் அடித்தும் அவள் ஒதுங்கவில்லை என்றார் தங்கசாமி. வேறு சாட்சி கிடையாது. போன வாய்தாவில் செல்லியம்மாளே சொன்னாள்: "காருக்குள்ள இருந்த அந்தம்மா, மாரியாயி கோயில்ல கற்பூரம் அணைச்சு, ஆரன் அடிச்சாங்கன்னு சொல்லட்டுங்க. எனக்குக் கேசே வேண்டாமுங்க." மனைவி அப்படிச் சத்தியம் செய்யாவிட்டால் தான் தோற்றதாக வைத்துக்கொள்ளலாம் என்று தங்கசாமி அங்கேயே கையெழுத்துப் போட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று விடியவே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சத்தியம் செய்யப் போகிறவர்களின் வழக்கப்படி ஈரச் சேலையோடு நின்றாள் அவள்.

"ஏம்புள்ள, கெளம்பலியா? கோயில்ல வக்கீலு, கோர்ட்டு ஆளு எல்லாம் நிக்கறாங்க" என்றார் தங்கசாமி.

"ஏனுங்க, ஆரன் அடிச்சீங்களா?"

"இதென்ன கேள்வி? நீயும் காருக்குள்ளதான இருந்த?"

"இருந்தனுங்க."

"அப்பறமென்ன, கை சுட்டுருமுன்னு பயமா? பட்டுனு அணைச்சுட்டு வா. மத்தியானம் கறிச்சோறு!" என்று சிரித்தார்.

சாமிக்குப் பயந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பயம் இல்லை. செல்லியம்மாளோடு அவள் நின்று பேசியதே கிடையாது. ஆனாலும் அந்தப் பெண், இவள் பொய் சொல்லமாட்டாள் என்று எதை வைத்தோ நம்பியிருக்கிறாள். பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவரோ, சொல்லிவிடுவாள் என்று சந்தேகமே இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுதான் நெஞ்சை அரித்தது. இத்தனை நாளில் அவர் கேட்டு, மாட்டேன் என்று அவள் எதற்குத்தான் சொல்லியிருக்கிறாள்?

"நான் வரலீங்க."

அவர் சிரிப்பு நின்றது. "வரலைன்னா நான் தோத்தவன். தெரியுமல்ல?"

"தெரியுமுங்க."

கொடியிலிருந்து உலர்ந்த சேலையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.