தலைவர் உட்கார்ந்துவிட்டார்

“தலைவர் உக்காந்துட்டாரு!”

வெல்டர் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாடியில் கண்ணாடி அறைக்குள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த புது மேனேஜருக்கு எதிரே எங்கள் யூனியன் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கையில் காபி வேறு.

எங்கள் பட்டறையில் தலைவர் நின்றுகொண்டுதான் பேசுவார். உட்கார்ந்தால் கம்பெனி சொன்னதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அதுவும் ஆள்குறைப்புப் பேச்சு அடிபடும் நேரம்!

“உன் மாமனார் விலை போயிட்டாருடா” என்றான் வெல்டர்.

“பேங்க் யூனியன்காரங்க எல்லாம் உக்காந்துதானே பேசறாங்க?” என்றேன்.

“அவங்களை நாளைக்கே வீட்டுக்கு அனுப்ப முடியுமா? நம்மளை முடியும்.”

எனக்கும் சந்தேகம் அரித்தது. அவர் இறங்கி வந்ததும் வழிமறித்தேன்.

“எங்களை வித்துட்டீங்களா மாமா?”

அவர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“மரியாதையாத்தான் உக்கார வச்சாரு, மாப்பிள்ளை. ‘எங்க நாட்டுல யூனியனைக் கேக்காம யாரையும் அனுப்ப மாட்டோம், யார் யாருன்னு நீங்களே சொல்லுங்க’ங்கறாரு. உங்க பேரைச் சொன்னா என் பொண்ணு அழுவா. சொல்லலேன்னா இவனுங்க என்னை நம்புவானுங்களா?”