மலாக்கியின் பட்டறைக்குப் போன ஊர்வலம்

இருநூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சென்ட். மலாக்கிக்கு நான் வைத்திருந்த பாக்கி அது. பிப்ரவரியில் என் காருக்கு கிளட்ச் மாற்றிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை கல்குவாரியில் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூலியை, குளிருக்கு வீட்டுக் கணப்பில் எரிக்க எண்ணெய் ஊற்றுகிறவன் வாங்கிப் போனான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போக வெட்கமாக இருந்தது. நவம்பர் வந்தபோது வெட்கம் கடனைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

எங்கள் ஊர் கில்டராவுக்கும் கடலுக்கும் நடுவே பட்டறை என்று இருப்பது மலாக்கியுடையது மட்டும்தான். காருக்கு நோய் என்றால் அவனிடம்தான் போகவேண்டும். என்னால் போக முடியாது. ஆகவே காருக்கு நோயே இல்லை என்று முடிவு செய்தேன்.

கார் பாவம், சொல்லிப் பார்த்தது. முதலில் உள்ளே ஒரு தித்திப்பு வாடை.

"யாரோ ஜாம் காய்ச்சறாங்க" என்றேன்.

"இந்த மொட்டை மலையில யாரு காய்ச்சறா? ஆடா?" என்றாள் என் மனைவி டிம்ப்னா.

பிறகு காலையில் கார் நின்ற இடத்தில் பச்சையாக ஒரு குட்டை. பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் பழி போட்டேன். "பச்சையா மூத்திரம் போற ஆட்டை நான் பார்த்ததே இல்ல" என்று அவள் அந்த ஆட்டுக்காக வாதாடினாள். என்ஜின் முனகியபோது ரேடியோவைக் கூட்டினேன். கடைசியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வந்தது. அதன்மேல் புனித கிறிஸ்டோபர் படத்தை ஒட்டினேன். பயணிகளுக்கு அவர்தானே காவல்.

"அவர் தலைக்குப் பின்னாடி என்னது பளபளன்னு?"

"ஒளிவட்டம்."

டிம்ப்னா படத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். நான் அதை மறுபடி அழுத்தி ஒட்டினேன்.

நான் ஒன்றும் மடையன் இல்லை. குவாரி இருபத்திரண்டு மைல். பஸ் கிடையாது. கார் போனால் வேலை போச்சு. அது தெரிந்ததால்தான் பயம். பயந்ததால்தான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாதா கோயில் பீடத்துக்குப் பூ வைக்கும் முறை டிம்ப்னாவுடையது. நல்ல கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். எங்கள் காரும் கறுப்பு, பின்பக்கம் நீளமானது. அவள் தம்பியின் ஆடுகளுக்குத் தீவனம் வைக்க நான் பலகையில் அடித்த நீளத் தொட்டியைப் பின்னால் ஏற்றியிருந்தேன். கடகடவென்று ஆடாமலிருக்க அதன்மேல் சாம்பல் நிறக் கம்பளி. கம்பளிமேல் வெள்ளைச் சாமந்தி. மூடுபனி, அதனால் முகப்பு விளக்கு. இதில் எதிலாவது என் குற்றம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

மலாக்கியின் கண்ணில் படாமலிருக்க ஒன்பது மாதமாகச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன். இரண்டு மைல் போவதற்குள் கார் இழுக்க மறுத்தது.

"கோல்மன், முள்ளு மேல போகுது."

"மேல போனா நல்லதுதானே?"

"உன் கூலியா மேல போகுது? சூடுய்யா! பட்டறைக்குத் திருப்பு."

"அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது டிம்ப்னா?"

"முழிக்காத. திங்கட்கிழமைலேர்ந்து நடந்து போய்க் கல்லு உடை."

திருப்பினேன். என்ஜின் சூட்டைக் கொஞ்சமாவது வெளியே இழுக்குமென்று உள்ளே வெப்பக்காற்றை முழுசாகத் திறந்துவிட்டேன். வேகாமலிருக்க ஜன்னல்களை இறக்கினோம். காலில் அனல், முகத்தில் பனிக்காற்று. டிம்ப்னாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வந்தாள். ஆள் நடக்கிற வேகம்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஊனா டீச்சரின் சிறிய கார் பின்னால் வந்து சேர்ந்தது. ஆம்புலன்ஸையே முந்துகிறவர் அவர். அன்று முந்தவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வேன். அதற்குப் பின்னால் பால்காரர். சாலையோரம் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். பக்தியான ஆள் என்று நினைத்தேன். கடைக்காரம்மா எங்களைக் கண்டதும் திரையை இறக்கினாள். அவளுக்கும் நான் ஏதாவது பாக்கியோ என்று யோசித்தேன்.

"பின்னாடி ஒம்போது கார் வருது" என்றாள் டிம்ப்னா.

கையை வெளியே நீட்டி, முந்திப் போங்கள் என்று ஆட்டினேன். ஊனா டீச்சரும் துக்கமாகக் கையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பூ வைத்த தீவனத் தொட்டியைச் சவப்பெட்டி என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சவ ஊர்வலம் போனால் கடைக்குத் திரை இறக்குவார்கள்; அதை யாரும் முந்த மாட்டார்கள். ஒருவன் முந்தினால் அவன் பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்கப் போகும்போதும் அது பேச்சில் வரும்.

எதிரே எங்கள் கோயில் பாதிரியார் ஃபாதர் கோஸ்டெல்லோவின் கார் கரகரவென்று அரைத்துக்கொண்டு வந்து நின்றது. தன் கோயில் எல்லைக்குள், தனக்குத் தெரியாமல் ஓர் அடக்கமா! அவர் முகம் வெளுத்தது. யாருக்குப் பூசை வைக்க மறந்தோம் என்று டைரியைப் புரட்டோ புரட்டென்று புரட்டினாராம். வண்டியைத் திருப்பி அவரும் வால் பிடித்தார்.

பட்டறைக்கு இறங்கும் வாசலுக்கு வந்தபோது, மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கும் எரிந்தது. அதன்மேல் ஒட்ட என்னிடம் வேறு புனிதர் இல்லை.

"என்ஜினை அணைய்யா!" என்றாள் டிம்ப்னா.

அணைத்தேன். கார் சத்தமில்லாமல் இறக்கத்தில் உருண்டு மலாக்கியின் காலடியில் நின்றது. பின்னால் பதினான்கு கார்கள்.

மலாக்கி ஸ்பேனரை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "யாருடா கோல்மன்? உன் மச்சானா?"

"என்ஜின்" என்றேன்.

டீச்சர் இறங்கி வந்தார். "மூணு செபமாலை முடிச்சிருக்கேன்டா! கண்ணீரோட!"

"வீண் போகல டீச்சர். பட்டறை வரைக்கும் வந்துட்டோமே."

"அப்ப யாரும் சாகலையா?" என்றார் ஃபாதர். இல்லை என்றதும் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அப்புறம் தெம்பாக எழுந்து, என் காரின் பானட்டைத் தூக்கி, ஆவி விட்டுக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"கையை எடுங்க ஃபாதர்!" மலாக்கி பாய்ந்தான். "ஆறாம திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும். அப்புறம் நெசமாவே அடக்கம்தான். அதுக்கு வேற ஃபாதரைத் தேடணும்."

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. "மலாக்கி, அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் விரலை உயர்த்தினான். "சும்மா இரு. கேட்டுட்டிருக்கேன்."

அவன் காது கொடுத்தது எனக்கல்ல, வண்டிகளுக்கு. முற்றத்தில் பதினான்கு என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் வார்டைச் சுற்றிவருவதுபோல அவன் வரிசையாக நடந்தான்.

"டீச்சர், உள்ளே கீச்சு கீச்சுன்னு கத்துதே, எத்தனை நாளா?"

"குருவி கூடு கட்டியிருக்குன்னு நினைச்சேன்."

"அது பெல்ட். அறுந்தா நடுரோட்ல நிப்பீங்க. திங்கட்கிழமை வாங்க. பால்காரரே, நீலப் புகை வருது. வண்டி ஆயிலைக் குடிக்குது. ஃபாதர், நீங்க வந்து நிக்கும்போதே கேட்டேன், உங்க பிரேக் இரும்போட இரும்பு அரைக்குது. அது வாரக் கணக்குல காத்திருக்காது. இன்னைக்கே, இங்கேயே. சாவி கொடுங்க."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பார்க்கலாமேன்னு..."

"மலை இறங்கி வந்தீங்களே. உங்களுக்காக மேல யாரோ பிரேக் பிடிச்சிருக்காங்க."

பதினான்கில் பதினொன்றில் அவனுக்கு வேலை இருந்தது: ஃபாதரின் கார் அங்கேயே நின்றது, மற்ற பத்தும் தேதி வாங்கிக்கொண்டு போயின.

பிறகுதான் என் காரிடம் வந்தான். ஆறவிட்டுத் திறந்து பார்த்தான். என்ஜினை ஆற்றும் பச்சைத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் கிளிப் பக்கத்தில் கிழிந்திருந்தது; ஜாம் வாடையும் அதிலிருந்துதான். "பதினாலு யூரோ சாமான். இன்னும் ஒரு மைல் ஓட்டியிருந்தா என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம்." உள்ளே குனிந்து கிறிஸ்டோபரைப் பிய்த்தான். "இவரை ஏன்டா வேலைக்கு வெச்ச? மஞ்சள் வந்தா என்கிட்ட வா. சிவப்பு வந்தா வராத, அங்கேயே நிறுத்திட்டு ஃபோன் பண்ணு. இதுக்கு மேல ஒரு படிப்பும் வேண்டாம்."

"பாக்கி இருந்தது. அதான் வரல."

"எனக்குத் தெரியாதா? ஒம்போது மாசமா நீ சதுப்பைச் சுத்தறதை அந்த ஜன்னல் வழியாத்தான் பார்க்கிறேன். அதுல எரிச்ச பெட்ரோல் காசைக் கொடுத்திருந்தா பாதிக் கடன் அடைஞ்சிருக்கும்."

டிம்ப்னா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

குழாய்க்குப் பதினான்கு யூரோவை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். அவன் சுவரிலிருந்த ஆணியிலிருந்து என் பிப்ரவரிக் கடன் சீட்டை உருவினான். அதில் அவன் கிறுக்கியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பதினொரு வண்டி கூட்டி வந்ததற்கு. இருநூற்று எண்பத்தாறு நாற்பதின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, சீட்டை மடித்துக் கம்பளிமேல் இருந்த சாமந்திக்கு நடுவில் செருகினான்.